மறுபடி அக்கா டூல் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'மறுபடி அக்கா'. பெயர் வைத்தவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்டப் போவதில்லை. மென்பொருளில் ஒரு வாடிக்கையாளரின் முகவரியை அடித்து 'சேமி' பட்டனை அழுத்தினால், 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் பச்சை எழுத்தில் வரும். மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அக்கா போக மாட்டார். வெளியே வருவார், அதே வாடிக்கையாளரைத் தேடித் திறப்பார், முகவரியைத் திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். அதற்குப் பிறகுதான் தன் தாளில் டிக் போடுவார். "மறுபடி ஒரு தடவை பாத்துக்கறேன் தம்பி" என்று சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் செய்து விற்பது வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் மாட்டுகிறவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் என்று நாற்பது கம்பெனிகள் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. யார், எந்த வீடு, என்ன புகார், கடைசியாகப் போன ஆள் யார் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். நான் கோட் எழுதுபவன். நான் எழுதியது எங்கே உடையும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அக்காவின் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அலுவலகம். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு இரும்பு அலமாரி. பதினோரு வருஷமாக அந்த அலமாரி இடுக்கு வழியாகத்தான் எங்கள் சண்டை சமாதானம் எல்லாம் நடந்தன.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குழு என்பது அவரும் அவர் நாத்தனாரும்தான். கணவரின் தங்கையைத் தானே அழைத்து வந்து வேலையில் சேர்த்தவர். வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார், இந்த மனுஷிக்கு ஓய்வு என்பது பஸ்ஸில் நிற்கிற நேரம்தான் என்று கேலி செய்வோம். "பஸ்லயும் அவ பக்கத்துலதான் நிப்பா" என்று அக்கா திருத்துவார். புது வெர்ஷன் ஒன்று வெளியே போவதற்குள் அறுநூற்று நாற்பது சோதனைகள். இரண்டு பேரும் ஒன்பது நாள் குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டும். அந்த ஒன்பது நாளும் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. யாராவது வேகமாக நடந்து வந்தாலே நிமிர்ந்து பார்ப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் தேதி சார் கூப்பிட்டார். தேதி சார் என்பவர் எங்கள் மேலாளர். எதைச் சொன்னாலும் "சரி, தேதி சொல்லுங்க" என்பார், அதனால் அந்தப் பெயர். என்னையும் கூடவே உள்ளே வரச் சொன்னார்.

"ஒன்பது நாள்லாம் இனிமே தாங்காது மேடம். டெஸ்டிங்கை மெஷின்கிட்ட விட்டுடலாம்னு முடிவு பண்ணியாச்சு. ரெண்டு டூல் பாத்து வெச்சிருக்கேன். எது நமக்குச் சரிப்பட்டு வரும்னு நீங்கதான் சொல்லணும். இன்னும் மூணு வாரம், மூணாவது வெள்ளிக்கிழமை."

"நானா சார்?" என்றார் அக்கா.

"வேற யாருக்கு அந்த அறுநூத்தி நாப்பதும் தெரியும்? ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். முதல் டூலுக்குக் கோட் தெரிய வேணாம், நீங்க ரெண்டு பேரே ஓட்டிக்கலாம். ரெண்டாவதுக்குக் கோட் எழுதத் தெரிஞ்ச ஆளுங்கள எடுக்கணும். அப்போ உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கறது கஷ்டம். மூடி மறைக்க விரும்பல."

வெளியே வந்ததும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன தம்பி இது, கழுத்தையும் நீட்டச் சொல்லிட்டு, கத்தியையும் நம்ம கையிலயே குடுக்கறாரு" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

இரண்டு டூலுக்கும் எங்கள் அலுவலகம் உடனே பெயர் வைத்துவிட்டது. முதலாவது கிளிப்பிள்ளை. நாம் ஒரு வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதும், பார்த்துக்கொண்டே இருந்து அதையே திரும்பச் செய்யும். அதை விற்க வந்தவர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்து, "மேடம், ஒரு பெட்டிய நீங்க மேல வெச்சாலும் கீழ வெச்சாலும் எங்க டூல் தானே தேடிக் கண்டுபிடிச்சு சரி பண்ணிக்கும்" என்று மூன்று முறை சொன்னார். இரண்டாவது வாத்தியார். அதற்கு ஒவ்வொன்றையும் நாமே வரி வரியாக எழுத வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டும்.

நாத்தனாருக்குக் கிளிப்பிள்ளையைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. முதல் வாரம் முடிவதற்குள் எண்பது சோதனைகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எண்பதும் பதினோரு நிமிஷத்தில் ஓடி, எண்பதும் பச்சை. "அண்ணி, இனிமே டீ குடிச்சுக்கிட்டே டெஸ்டிங் பண்ணலாம்" என்று கை தட்டினாள். அக்கா அந்தப் பச்சைப் பட்டியலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சி இல்லை. பதினோரு வருஷம் முதுகு ஒடியச் செய்த வேலை பதினோரு நிமிஷத்தில் முடிந்ததற்கு யாருக்குத்தான் மகிழ்ச்சி வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் கதை வேறு. மதிய இடைவேளையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன். அக்கா ஒரு விரலால் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். சிவப்பு வரும். "என்னடா வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்" என்று திரையைத் திட்டுவார். மென்பொருளுக்குள் நுழைவதற்கு மட்டுமே ஏழு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த ஏழு வரிக்கு அக்காவுக்கு ஐந்து நாள் ஆயிற்று. சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடக்கும், சாயங்காலம் அப்படியே மூடி எடுத்துப் போவார்.

"தம்பி, கிளிப்பிள்ளை போதும்தானே?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பார்.

"போதும் அக்கா. கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடுங்க."

"அதான் பயமா இருக்கு" என்பார். பிறகு ஒரு மணி நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்பார். கேட்கிறவருக்குச் சலிக்காது, பதில் சொல்கிற எனக்குத்தான் எரிச்சலாக வரும். கிளிப்பிள்ளை வந்தால் அக்காவுக்கும் வேலை இருக்கிறது, நாத்தனாருக்கும் வேலை இருக்கிறது, இதில் என்ன இவ்வளவு யோசனை என்று இருந்தது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அலமாரி இடுக்கு வழியாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, அந்த ஆக்சிஜன் விஷயம் ஆச்சே, அந்த வெர்ஷன் உங்ககிட்ட இருக்கா?"

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. ஒரு பெரியவரும் அவர் மகளும் வேறு வேறு வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மகளின் ஒரே போன் நம்பர். மகள் புது வீட்டுக்குப் போய் முகவரியை மாற்றியபோது, எங்கள் மென்பொருள் அதே நம்பரில் இருந்த அப்பாவின் முகவரியையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. சிலிண்டர் மகள் வீட்டுக்குப் போனது. அங்கே பூட்டு. பெரியவர் மூச்சுத் திணறிக் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான்கு நாள் கழித்துத்தான் அவர் பிழைத்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

விசாரணையில் சோதனைத் தாளைப் புரட்டினார்கள். ஒரே நம்பரில் முகவரி மாற்றும் சோதனைக்கு நேரே பாஸ் என்று டிக் இருந்தது. டெஸ்டிங்கில் பாஸ் ஆன ஒன்று வெளியே போய் எப்படிக் கெடும்? டெஸ்டிங் முடிந்த பிறகு யாரோ கோட்டில் கை வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கடைசி நேரத் திருத்தங்களை நேராகச் சர்வரிலேயே போடும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இருந்தது, அதற்கு எந்தப் பதிவும் இருக்காது. அன்றைக்குச் சாயங்காலம் தலைப்பில் ஓர் எழுத்துப் பிழையை நான் திருத்தியது உண்மை. வேறு எதையும் தொடவில்லை என்பதற்கு என் வாய் மட்டும்தான் சாட்சி. சோதித்து முடித்த கோட்டில் கை வைப்பது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமம். குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். என் மாமனார் இப்போதும் யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்லும்போது, "முன்னாடி பெரிய பொறுப்புல இருந்தாரு" என்றுதான் ஆரம்பிப்பார்.

"எதுக்குக்கா அது?" என்றேன்.

"கெட்டுப்போனதுன்னு நமக்கே தெரிஞ்ச ஒண்ண ஓட்டிப் பாக்கணும். அதப் பிடிச்சாத்தானே டூல்? நல்லா இருக்கறத நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு டூல் எதுக்கு?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் யோசித்ததே இல்லை. புதன்கிழமை மதியம் ஜன்னலோரம் சும்மா கிடந்த ஒரு கணினியில் பழைய வெர்ஷனை ஏற்றிக் கொடுத்தேன். வெளியே போன அதே பிரதி. நாத்தனார் அன்று பல் வலி என்று லீவு.

கிளிப்பிள்ளையை ஓட்டினார். பச்சை. சேமித்ததோடு நின்றுவிட்டது, திறந்து பார்க்கவில்லை, அதுதான் காரணம் என்றார் அக்கா. மகள் முகவரியை மாற்றிய பிறகு அப்பாவின் பக்கத்தை மறுபடி திறந்து பார்க்கும்படி சொல்லிக் கொடுத்துவிட்டு ஓட்டினார். மறுபடியும் பச்சை. ஆனால் திரையில் எங்கள் கண்ணெதிரே அப்பாவின் வீட்டு முகவரி தப்பாகத்தான் இருந்தது. அக்கா கிளிப்பிள்ளையின் குறிப்பைத் தேடிப் படித்தார். வீட்டு முகவரிப் பெட்டியில் எதிர்பார்த்தது இல்லை, அதனால் பெட்டி இடம் மாறிவிட்டது என்று அதுவே முடிவு செய்து, கீழே பில் அனுப்பும் முகவரிப் பெட்டியில் போய்ப் பார்த்திருக்கிறது. அங்கே பழைய முகவரி இருந்தது. சரியாக இருக்கிறது என்று டிக் போட்டுவிட்டது.

விற்பவருக்குப் போன் செய்தார். "அது தானே சரி பண்ணிக்கறத நிறுத்த முடியாதா சார்?"

"மேடம், எங்க டூலோட சிறப்பே அதுதானே!" என்றார் அவர். நிஜமாகவே மனம் புண்பட்ட குரல்.

வாத்தியாருக்கு அக்கா இருபத்து மூன்று வரி எழுதி வைத்திருந்தார். எனக்குச் சொல்லாமல், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து எழுதியிருக்கிறார். ஓட்டினார். சிவப்பு. 'இருக்க வேண்டியது: கதவு எண் 14. இருப்பது: கதவு எண் 8.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாங்கள் நாற்பது கம்பெனிக்கு அனுப்பி, ஒரு மனிதரைச் சாகும் தறுவாய் வரை கொண்டுபோய் விட்ட தப்பை, அந்தச் சிவப்பு வரி ஆறு நொடியில் சொல்லிவிட்டது.

"பிடிச்சிருச்சு அக்கா!" என்று கத்தினேன்.

அக்கா திரும்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் பிடிக்கல தம்பி" என்றார்.

"என்னக்கா?"

"அன்னிக்குக் கடைசி நாள். முப்பத்தெட்டு பாக்கி. மணி அஞ்சரை. சார் கதவுல நின்னு முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சேமிக்கப்பட்டதுன்னு வந்தத மட்டும் பாத்தேன். எதையும் திறந்து பாக்கல. வரிசையா டிக் போட்டுட்டேன்." திரையைக் கையால் காட்டினார். "இந்தக் கிளிப்பிள்ளை பண்ண அதே வேலையத்தான் நானும் பண்ணேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "அப்போ நான் கோட்டத் தொடலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். டெஸ்டிங்குக்கு வந்த பிரதி என் கணினியிலயே இருந்துச்சு, மறுநாள் ஓட்டிப் பாத்தேன், தப்பு அதுலயும் இருந்துச்சு."

"ரெண்டு வருஷமா."

"அப்பத்தான் நாத்தனாரச் சேத்துவிட்டிருந்தேன் தம்பி. என்னத் துரத்தினா அவளையும் துரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். ஒரு வாரம் போகட்டும், சொல்லிடலாம்னு நெனச்சேன். நாளாக நாளாக வாயே வரல."

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அவருக்கு நான் பெயர் வைத்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அவர் வெறும் அக்கா. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர் இல்லை. அந்தச் சிலிண்டருக்குப் பிறகுதான் அப்படி ஆனார். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு மனுஷியின் பயத்தைப் பார்த்து.

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம். "நீங்க என்ன வேணா எழுதிக்கங்க, என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

வியாழக்கிழமை முழுக்க அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அலமாரிக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். எழுதுகிறாரா அழிக்கிறாரா என்று காது அங்கேயே இருந்தது. கிளிப்பிள்ளை என்று எழுதிக் கொடுத்தால் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. அவர் வேலையும் தப்பும், நாத்தனார் வேலையும் தப்பும். வாத்தியார் என்று எழுதினால் ஏன் என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் பழைய வெர்ஷனை ஓட்ட வேண்டும். ஓட்டினால், அன்றைக்கு இது எப்படி பாஸ் ஆயிற்று என்ற கேள்வி வராமல் போகாது. அவர் உண்மையை எழுத வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. எழுதிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான்.

மதியம் கைகழுவும் இடத்தில் நாத்தனார் என்னைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவளுக்கு நடந்த எதுவும் தெரியாது. "அண்ணா, அண்ணிகிட்ட நீங்கதான் சொல்லணும். நேத்துலேந்து வீட்ல ஒரு வார்த்த பேசல, சாப்பிடல. கிளிப்பிள்ளைய எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல? இந்த வேலைக்கு வந்தப்புறம்தான்ணா வீட்ல என் பேச்சையும் ஒரு பேச்சா எடுத்துக்கறாங்க."

"அவங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். தேதி சார், அக்கா, நான், கதவோரமாக நாத்தனார். அக்கா கணினியைத் திறந்து கிளிப்பிள்ளையை ஓட்டினார். பச்சை. தேதி சார் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! இதையே எடுத்துக்கலாமே."

"இது ஆக்சிஜன் விஷயம் ஆச்சே, அந்த வெர்ஷன் சார்" என்றார் அக்கா.

அக்கா அடுத்து வாத்தியாரை ஓட்டினார். சிவப்பு வந்தது. தேதி சார் எழுந்து வந்து, குனிந்து, கதவு எண்களைப் படித்தார். "இவ்வளவு அப்பட்டமாத் தெரியுதே. அப்புறம் எப்படி நம்ம டெஸ்டிங்ல பாஸ் ஆச்சு?" என்று கேட்டவரின் பார்வை, பழைய பழக்கத்தில், என் பக்கம்தான் திரும்பியது.

"நான் பாக்காம டிக் போட்டேன் சார்" என்றார் அக்கா. "தம்பி அதுக்கப்புறம் எதையும் மாத்தல. அவரு சொன்னதுதான் உண்மை. எனக்கு அப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

கதவோரம் நாத்தனார் "அண்ணி!" என்றாள்.

தேதி சார் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "டூல் விஷயத்துல நீங்க சொல்றது சரி. வாத்தியாரத்தான் எடுக்கணும். புதுசா ஆள் வேணாம், நீங்க எழுதக் கத்துக்கிட்ட மாதிரி உங்க நாத்தனாரும் கத்துக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பொறுப்ப உங்களுக்கே திரும்பக் குடுக்கறேன். ரெண்டு வருஷம் கழிச்சுக் குடுக்கறதுக்கு எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. இந்த வேலைய இனிமே நீங்கதான் நடத்தப் போறீங்க, அதனால நீங்களே சொல்லுங்க. பாக்காம டிக் போட்டவங்கள இந்த வேலையில வெச்சுக்கலாமா?"

அக்கா அங்கேதான் நின்றார். கெஞ்சுகிற பார்வை இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'வெச்சுக்கலாம் சார்' என்று நான் உடனே சொல்லவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. இரண்டு வருஷமாக இப்படி ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தவன் நான், அது கைக்கு வந்தபோது சீக்கிரம் விட மனம் வரவில்லை. "திங்கக்கிழமை சொல்றேன் சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தையால் அவருக்கு எப்படிப்பட்ட இரண்டு நாட்களைக் கொடுத்தேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் அக்கா ஒரு பக்கம் நின்றார், நாத்தனார் பத்தடி தள்ளி நின்றாள்.

சனிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. பழைய சோதனைத் தாள்கள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் அந்த வெர்ஷனின் கோப்பைத் தேடி எடுத்தேன். அக்கா போட்ட அந்தப் பொய் டிக்கை என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் கோபம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அறுநூற்றுப் பதினேழாவது வரி. அக்காவின் டிக் இருந்தது. கடைசி முப்பத்தெட்டும் ஒரே அவசரத்தில், ஒரே சாய்வில்.

அதற்கு இடது பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு. 'எழுதியவர் சரிபார்த்தது.' கோட்டை டெஸ்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்னால், எழுதியவனே ஒரு முறை ஓட்டிப் பார்த்து டிக் போட வேண்டிய கட்டம். அது எங்கள் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. விசாரணையில்கூட ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் என் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் டிக் போடக்கூட எனக்குப் பொறுமை இல்லை. மேலே ஒரு டிக், அங்கிருந்து பக்கத்தின் அடி வரைக்கும் ஒரே நீளக் கோடு, கீழே என் இனிஷியல். முப்பத்தெட்டு வரிக்கு மேல் இருக்கும். ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. நான் எழுதியது எப்படித் தப்பாக இருக்கும் என்ற தைரியம்.

கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் டிக் போட ஒரு காரணமாவது இருந்தது, கதவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். என் கதவில் யார் நின்றார்கள்? இரண்டு வருஷம் நான் பாதிக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டு, எல்லோரிடமும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது அக்கா ஏற்கெனவே வந்திருந்தார். மேஜையைத் துடைத்து, தன் பொருட்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்திருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. கோப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்து, நான் இழுத்த அந்த நீளக் கோட்டைக் காட்டினேன்.

"இத நீங்க முன்னாடியே பாத்திருக்கீங்களா அக்கா?"

"ம்."

"எப்போ?"

"அது நடந்த மறுநாளே. என்னோடத எடுத்துப் பாத்தப்போ கண்ணுல பட்டுச்சு."

"வெள்ளிக்கிழமை ஏன் சொல்லல? சொல்லியிருந்தா பாதிப் பழி எனக்கு வந்திருக்குமே."

அக்கா கோப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். "அது உங்க டிக்கு தம்பி. என்னோடதச் சொல்லவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களோடத நான் எப்படிச் சொல்றது?"

கோப்பை எடுத்துக்கொண்டு நேராகத் தேதி சார் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அறுநூற்றுப் பதினேழாவது வரியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கேட்டீங்களே சார். இதப் பாத்துட்டு மறுபடி கேளுங்க. எங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கலாமா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் இழுத்திருந்த கோட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார். கோப்பை மூடி என் கையிலேயே கொடுத்தார்.

"போய் வேலையப் பாருங்க" என்றார். நான் கதவைத் தாண்டும்போது, "ரெண்டு பேரும்" என்றார்.

நான் வந்து அதைச் சொன்னதும் அக்கா அந்தத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாத்தனார் பார்க்கிறாள் என்றுகூடப் பாராமல், சத்தம் போட்டு அழுதார்.